ஒரே மண்ணெண்ணெய், இரண்டு கரைகள்: நெருக்கடிகளுக்கு நடுவே இலங்கைத் திருச்சபை

2022 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. அதற்கு முன்னரும் பல வாரங்களாக மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகியிருந்தது. இந்த எண்ணெயை அடுப்புக்கும் விளக்கிற்கும் உரியதாக நகரத்தில் வாழ்கிறவர்கள் நினைப்பதுண்டு; கடற்கரையில் அதுதான் தொழில். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. தெற்கே நீர்கொழும்பிலும் சிலாபத்திலும், வடக்கே பேசாலையிலும் குருநகரிலும் பாசையூரிலும் படகுகள் கரையேறிக் கிடந்தன. இந்தக் கரைகள் எல்லாவற்றிலும் கத்தோலிக்கர் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஒரே புனித அந்தோனியாரிடம், ஒரே புனித செபஸ்தியாரிடம், ஒரு கரையில் சிங்களத்திலும் மறுகரையில் தமிழிலும் மன்றாடுகிறவர்கள் அவர்கள்.

அரசியல் குழப்பத்திலும் பொருளாதார நெருக்கடியிலும் கிறிஸ்தவ விசுவாசத்தை எவ்வாறு வாழ்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஜெபம், பொறுமை, பகிர்வு ஆகிய மூன்றும் பதிலாக வருகின்றன. மூன்றும் உண்மையானவை. ஆயினும் இலங்கையின் கடந்த நாற்பது ஆண்டுகளைப் பார்க்கிறவருக்கு அந்தப் பதிலுக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது தெரியும்: யாருடைய பசிக்காக, யாருடைய இறந்தோருக்காக? தன் வீட்டுத் துயரைச் சுமக்க விசுவாசம் பலருக்குத் துணை நின்றிருக்கிறது. அடுத்த கரையின் துயரைச் சுமக்க வேண்டிய இடத்தில்தான் இந்த நாட்டின் திருச்சபை தடுமாறியது. சில இடங்களில் அந்தத் தடுமாற்றத்தைக் கடந்தும் வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பின்னணியைப் பற்றியது.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கை மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஏழரைச் சதவீதம். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். சிங்களவரிலும் தமிழரிலும் கணிசமான எண்ணிக்கையில் மக்களைக் கொண்டிருப்பது இந்த நாட்டில் கிறிஸ்தவம் மட்டுமே. ஒரே ஆயர் பேரவைக்குள் யாழ்ப்பாணமும் மன்னாரும் மட்டக்களப்பும் திருகோணமலையும் இருக்கின்றன, கொழும்பும் காலியும் குருநாகலும் இருக்கின்றன. இனங்களுக்கு இடையே பாலமாக இருக்க வல்ல சமயம் என்று இதனைப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். பாலம் இரு கரையிலும் ஊன்றி நிற்க வேண்டியது. போர் வந்தபோது ஒவ்வொரு கரையும் தன் பக்கத்தூணை மட்டுமே பார்த்தது.

பொருளாதார வீழ்ச்சியின் காரணங்கள் பலமுறை எழுதப்பட்டவை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளாகக் குவிந்த வெளிநாட்டுக் கடன், 2019 இறுதியில் செய்யப்பட்ட பெரும் வரிக்குறைப்பு, பெருந்தொற்றில் முடங்கிய சுற்றுலா, 2021 இல் இரசாயன உரத்திற்கு விதிக்கப்பட்ட திடீர்த் தடை ஆகியவை சேர்ந்து அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தன. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது; நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. அப்போது மொத்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 5,100 கோடி டொலர். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தையும் தொட்டன. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமை 2021 இல் 13 சதவீதமாக இருந்து ஒரே ஆண்டில் 25 சதவீதமாக, அதாவது நாலில் ஒருவராக, உயர்ந்தது. மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் நின்ற இடத்திலேயே இறந்தார்கள். அதே மார்ச் 22 ஆம் திகதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு 16 பேர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து கடந்த கடலை இம்முறை பசிக்குப் பயந்து கடந்தார்கள்.

தென்னிலங்கைக்கு இந்த வரிசைகள் புதியவை. வடக்கிற்கு அவை பழைய நினைவு. 1990 களில் யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம், மருந்து எல்லாமே தட்டுப்பாடாக இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் வைத்து ஏற்றிய விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது. ஆலயங்கள் அக்காலத்தில் வழிபாட்டு இடங்களாக மட்டும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் கூடாரமாகவும், நிவாரண அரிசி அளக்கும் களஞ்சியமாகவும், இறந்தவரின் பெயர் எழுதப்படும் பதிவேடாகவும் அவை இருந்தன. யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம், மட்டக்களப்பில் எகெட் என்ற மறைமாவட்ட சமூக நிறுவனங்களின் பெயர்கள் அங்குள்ள இந்து மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும்கூட வீட்டுச் சொல்லாகிவிட்டமைக்கு இந்தக் காலமே காரணம்.

அடைக்கலம் என்ற சொல் அங்கே உயிர்விலை கொண்டது. 1995 ஜூலை 9 அன்று, இராணுவ முன்னேற்றத்திற்கு அஞ்சி வெளியேறிய மக்கள் நவாலிப் புனித பேதுருவானவர் ஆலயத்தில் ஒதுங்கியிருந்தபோது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பர் 20 அன்று, மடு என்றும் வழங்கும் மருதமடு மாதா ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தனர். மடுத்திருப்பதியின் வரலாறே அடைக்கலத்தின் வரலாறு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய 17 ஆம் நூற்றாண்டில், மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சுருபத்தைக் காட்டுக்குள் தூக்கிச் சென்ற குடும்பங்களோடு அது தொடங்குகிறது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே திருச்சுருபத்தைக் குருக்கள் மீண்டும் ஒருமுறை தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக நேர்ந்தது.

அந்த ஒல்லாந்தர் காலத்தில் 1687 இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகளாரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தமிழும் சிங்களமும் கற்று இரு மக்களிடமும் போனவர் அவர். 1697 இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டு ஓடியபோது, அவரும் உடன்வந்த குருவும் அவர்களைத் தேடிச் சென்று பராமரித்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர் அல்லர். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த இடம் கொழும்புக் காலிமுகத்திடல். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்குப் போனார். காலிமுகத்திடலுக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கூட்டம் வரவிருந்தது.

வடபுலத் திருச்சபை போரின் முடிவில் செய்த காரியங்களில் மிகக் கடினமானது எண்ணிக்கை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரச அலுவலகங்களின் பதிவுகளையே எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்றார். வெறும் கழித்தல் கணக்கு அது. அதற்காக அவர் விசாரிக்கப்பட்டார், தேசத் துரோகியென ஏசப்பட்டார். எண்ணிக்கை கேட்பதை ஒரு மேய்ப்புப் பணியாக அவர் செய்தார் என்றே நான் கருதுகிறேன். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போகிற மேய்ப்பன் முதலில் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவனுக்குக் காணாமற்போனது தெரியாது. 2021 ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று அவர் காலமானார். அவருடைய கேள்விக்கு அரசிடமிருந்து விடை வந்திருக்கவில்லை.

போரின் இறுதி நாளான 2009 மே 18 அன்று முல்லைத்தீவு வட்டுவாகலில் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் யோசப் அடிகளார், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடவே போனார். சரணடைகிறவர்களின் பெயர்களை அவர் ஒரு பட்டியலாக எழுதினார் என்று அங்கிருந்தவர்கள் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். அவரும் அவர்களும் ஏறிய பேருந்து போன பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை.

இதே ஆண்டுகளில் தென்னிலங்கையின் திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். தனிமனிதர்களாக எல்லையைக் கடந்தவர்கள் இருந்தார்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு, குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களக் கிறிஸ்தவர்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே அவர் இறந்தார். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்யோதயம் என்ற சமூக மையத்தைத் தொடங்கி, சிங்களக் கிராம மக்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் ஒன்றாக இருந்து பேசும் இடமாக அதை வளர்த்தார். அமலமரித் தியாகிகள் சபையின் மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் புத்தளைக் கிராமத்தில் பௌத்த ஏழை விவசாயிகளுக்கு நடுவே, யாரையும் மதம் மாற்றும் நோக்கமின்றி வாழ்ந்தார். 1987 நவம்பர் 10 மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்கள் ஓரத்தில் நின்றவர்கள். நிறுவனமாகத் தென்னிலங்கைத் திருச்சபை பெரும்பான்மைச் சமூகத்தின் மனநிலையோடு ஒத்துப்போகவே விரும்பியது. சிங்களப் பௌத்தப் பெரும்பான்மைக்குள் ஒரு சிறுபான்மைச் சமயமாகத் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டிய அதன் நெருக்கடி எனக்குப் புரிகிறது. 2012 இல் போர்க்கால மனித உரிமை விவகாரம் ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவைக்குப் போனபோது, மன்னார் ஆயரும் வடபகுதிக் குருக்கள் பலரும் அதனை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதனை வெளித்தலையீடு என்று எதிர்த்தார். ஒரே திருச்சபை, ஒரே திருவிருந்து, இரண்டு சாட்சியங்கள்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற குழந்தைகள் பலர் இருந்தார்கள். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற உளவுத் தகவல் இந்தியாவிடமிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே வந்திருந்தும் அரசு செயற்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் உடனே கேட்டுக்கொண்டார். அவருடைய சொல்லுக்குக் கத்தோலிக்க ஊர்கள் பெருமளவில் கட்டுப்பட்டன. ஆயினும் மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான் அகதிகள், தங்கள் நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி வந்தவர்கள், ஒரே வாரத்தில் வீடில்லாதவர்களானார்கள். துயரத்தின் நடுவே அந்நியரை விருந்தோம்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆண்டு நவம்பரில், பாதுகாப்பு என்ற ஒற்றை வாக்குறுதியை நம்பி வாக்களித்தவர்களில் மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரும் பெருந்தொகையாக இருந்தார்கள். கோட்டாபய ராஜபக்ஷ 52 சதவீத வாக்குகளோடு ஜனாதிபதியானார். விசாரணை அறிக்கைகள் வந்தன, உண்மை வரவில்லை. 2021 ஓகஸ்ட் 21 அன்று கத்தோலிக்க வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றப்பட்டது. 2022 மார்ச்சில் கர்தினால் ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் முன் நீதி கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் மன்னார் ஆயர் தட்டிய அதே கதவு அது. இதைக் குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. தன் மடியில் பிணம் விழுந்த பிறகு உள்நாட்டு நீதியின் எல்லையைக் காண்பது மனித இயல்பு. தாமதமாகக் கண்டாலும் அது காணலே. வடக்கில் பல குருக்கள் 'இப்போதாவது' என்ற சொல்லோடு அதனை வரவேற்றதற்கு உள்ளே ஒரு காயமும் இருந்தது, ஒரு நம்பிக்கையும் இருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பசி வந்த 2022 இல் இந்தப் பின்னணி முழுவதும் மேசைக்கு வந்தது. பங்குகளில் கஞ்சி காய்ச்சினார்கள். கொழும்பில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு மூன்று நாட்களாகப் பலாப்பழத்தை மட்டுமே தின்று கிடந்ததை அறிந்த ஒரு போதகர் சமூகச் சமையலறை ஒன்றைத் தொடங்கினார். அது வேறு இடங்களுக்கும் பரவியது. மலையகத்தில் கோதுமை மா விலை ஏறியபோது ரொட்டியையே காலை உணவாகவும் மதிய உணவாகவும் கொண்ட தோட்டக் குடும்பங்கள் ஒரு வேளையைக் கைவிட்டன. அங்கும் சிறிய தேவாலயங்கள் தங்களால் இயன்றதைச் செய்தன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவனுக்குக் கொடுக்காமல் 'சமாதானத்தோடே போ' என்று சொல்வதனால் பயனென்ன என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பானைக் கஞ்சியைவிட நல்ல பதில் இல்லை. அதே வேளையில், இக்கட்டான காலத்தில் 'காணிக்கை போட்டால் கடன் தீரும்' என்று போதித்த செழிப்பு உபதேசமும் கூட்டம் சேர்த்தது என்பதை மறைக்க முடியாது. நுண்கடனில் ஏற்கெனவே மூழ்கியிருந்த வடகிழக்குப் பெண்களிடம் அந்தப் போதனை இன்னொரு கடன்காரனாகவே போய் நின்றது.

கஞ்சிப் பானை எங்கே வைக்கப்பட்டது என்பது முக்கியம். ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் அரகலய என்ற மக்கள் எழுச்சி கூடாரமடித்தது. கத்தோலிக்கக் குருக்களும் அருட்சகோதரிகளும் அங்கிலிக்கன் குருமாரும் அங்கே பௌத்த பிக்குகளோடு நின்றார்கள். தாக்க வந்தவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இடையே கைகோத்து நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். இரத்தினபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜீவந்த பீரிஸ் அடிகளார் அந்தப் போராட்டத்தில் முன்னின்றதற்காகப் பின்னர் காவல்துறையால் தேடப்பட்டார். வெளிநாடு செல்ல அவருக்குத் தடையும் விதிக்கப்பட்டது. ஜூலை 13 அன்று ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். 22 ஆம் திகதி விடியுமுன் படையினர் கூடாரங்களை அகற்றினார்கள்.

இவற்றுக்கெல்லாம் இடையே மே 18 அன்று நடந்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. போரின் இறுதி நாட்களில் வன்னி மக்கள் குடித்த அரிசிக் கஞ்சி அங்கே காய்ச்சிப் பகிரப்பட்டது. உப்பும் நீரும் மிகுந்த, பாலோ தேங்காயோ இல்லாத அந்தக் கஞ்சியைச் சிங்கள இளைஞர்கள் கையில் வாங்கிக் குடித்தார்கள். மதகுருமார் கூடவே நின்றார்கள். வடக்கில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சியதற்காகவே மக்கள் காவல்துறையின் தொல்லைக்கு உள்ளாகி வந்த காலம் அது. எண்ணிக்கையில் அது சிறு கூட்டம். நாடு முழுவதன் மனமாற்றம் என்று அதைச் சொல்வது மிகையாகும். பசியால் வரிசையில் நின்ற ஒரு தலைமுறை, தனக்கு முன்னரே வரிசையில் நின்றவர்களின் பசியை ருசி பார்த்த கணம் என்று சொல்வது மிகையாகாது.

திருத்தூதர் பணிகள் நூலின் 11 ஆம் அதிகாரத்தில் ஒரு பஞ்சம் வருகிறது. கிளவுதியு பேரரசன் காலத்துப் பஞ்சம் அது. அந்தியோக்கியாவில் இருந்த சீடர்கள், அவர்களில் பலர் யூதரல்லாத கிரேக்கர், தங்கள் வசதிக்கேற்ப நிதி சேர்த்து யூதேயாவில் இருந்த சகோதரருக்கு அனுப்புகிறார்கள். உணவுப் பழக்கத்தாலும் பிறப்பாலும் தங்களைத் தள்ளி வைக்கத் தயாராக இருந்த ஒரு சமூகத்திற்கு அவர்கள் அனுப்புகிறார்கள். 'கிறிஸ்தவர்' என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது அந்தியோக்கியாவில்தான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. பஞ்ச நிவாரணமும் பெயரும் ஒரே பக்கத்தில் இருப்பதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. பவுல் அடிகளார் பின்னர் மக்கெதோனியாவிலும் கொரிந்திலும் எருசலேமுக்காக நிதி திரட்டியபோதும் இதே எல்லையைத்தான் கடந்தார். உதவி மேலிருந்து கீழே இறங்குவதாக அவர் எழுதவில்லை. இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்ற சமநிலையைப் பற்றி எழுதினார்.

இலங்கையில் அந்தச் சமநிலைக்கான வாய்ப்பு இன்னும் இருக்கிறது, ஏனெனில் கரைகள் இரண்டும் ஒரே கடலில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 அன்று மடுவில் இலட்சக்கணக்கானோர் மரங்களின் கீழ்க் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். நீர்கொழும்பு மீனவரின் அடுப்பும் பேசாலை மீனவரின் அடுப்பும் சில அடி தூரத்தில் எரிகின்றன. திருப்பலி மும்மொழிகளில் நடக்கிறது. மறுநாள் காலை ஒரு குடும்பம் தெற்கே போகிறது. இன்னொன்று, 2009 க்குப் பிறகும் தன் காணி முழுமையாகத் திரும்பக் கிடைக்காத ஊருக்குப் போகிறது.

2025 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் ஆலயங்களில் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்கள் வத்திக்கானின் விசுவாசச் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு பெயரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது; உறவினர் விரல் வைத்துத் தடவக்கூடியதாக இருக்கிறது. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் ஒரு வயதான குரு எழுதிய பட்டியல் இன்றுவரை வெளிவரவில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் அந்தப் பெயர்களையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறது. விடை தெரியாமலேயே அந்தத் தாய்மாரில் பலர் இறந்துபோனார்கள்.